ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு சம்பவங்கள்

மார்ச் 3

அன்புள்ள மேனேஜருக்கு,

உன் மாப்பிள்ளை நேற்று எனக்குத் தனியாகப் போன் செய்தார். நீயும் நானும் போனில் போட்ட சண்டையைக் கேட்டு, மாசமாக இருக்கும் உன் மகளுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டதாம். "அத்தை, டாக்டர் அவள அசையாம படுத்திருக்கச் சொல்லியிருக்காரு. வீடே ரெண்டு ரூம்தான். பால்கனியில நின்னு பேசினாலும் உள்ள கேக்குது. நீங்க ரெண்டு பேரும் வேற எப்படியாவது பேசிக்குங்களேன்" என்றார். பாவம், நல்ல பிள்ளை. சண்டையை நிறுத்தச் சொல்லவில்லை, சத்தத்தைக் குறைக்கத்தான் சொல்கிறார்.

ஆகவே கடிதம். மெசேஜ் அனுப்பினால் அடுத்த நொடி நீ போன் செய்வாய். கூரியரில் போட்டால் குறைந்தது இரண்டு நாளாவது நீ மூச்சு விட்டுக்கொள்வாய், நானும்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் சென்டரின் இன்சூரன்ஸ் இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதியோடு முடிகிறது. பழைய கம்பெனி இனிமேல் சிறப்புக் குழந்தைகளுக்குத் தெரபி கொடுக்கும் நம்மைப் போன்ற இடங்களுக்குப் பாலிசி கொடுப்பதில்லையாம். ஒன்றாம் தேதி கையில் பாலிசி இல்லையென்றால் நமக்குப் பிள்ளைகளை அனுப்பும் இரண்டு பள்ளிகளும் அனுப்பாது. கட்டட உரிமையாளர் கதவில் பூட்டுப் போடுவார். நாற்பது பிள்ளைகளும் ஒன்பது டீச்சர்களும் தெருவில் நிற்க வேண்டியதுதான். இத்தனை வருஷம் இந்தக் காகிதங்களெல்லாம் உன் மேஜையைத் தாண்டி என்னிடம் வந்ததில்லை. நீ ஊரில் இல்லாத சமயம் பார்த்து என் தலையில் விழுந்திருக்கிறது.

ஏஜென்ட் இரண்டு பாலிசி கொண்டுவந்தார். முதலாவது மலிவு. ஏப்ரல் ஒன்றிலிருந்து நடப்பதற்கு மட்டும்தான் அவர்கள் பொறுப்பு. இரண்டாவதற்குக் கட்டணம் ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனால் இரண்டு வருஷம் பின்னால் போகும்; அப்போது நடந்த ஒன்றுக்காகப் பெற்றோர் இப்போது வந்து கேஸ் போட்டாலும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒரே நிபந்தனை, நமக்குத் தெரிந்ததையெல்லாம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு பொய் இருந்தாலும் பாலிசி செல்லாது. எனக்கு முதலாவதே போதும் என்று தோன்றுகிறது.

இரண்டுக்கும் விண்ணப்பம் ஒன்றுதான். இருபத்திரண்டு கேள்வி, நானே நிரப்பிவிட்டேன். பதினான்காம் கேள்வி: "கடந்த இரண்டு ஆண்டுகளில் உங்கள் நிறுவனத்தில் சம்பவங்கள் ஏதேனும் நிகழ்ந்தனவா? எத்தனை?" இரண்டு வருஷச் சம்பவத் தாள்களின் கோப்பைத் திறந்து கடைசித் தாளின் நம்பரைப் பார்த்து எழுதினேன்: 1,412. கூடவே மாதவாரி வரைபடமும் வைத்தேன். பிள்ளைகள் கடிப்பது எவ்வளவு குறைந்திருக்கிறது தெரியுமா? பார்த்தால் கம்பெனிக்காரர்கள் அசந்துபோவார்கள்.

உன் அண்ணி


மார்ச் 6

அண்ணிக்கு,

ஐயோ, ஐயோ, ஐயோ! மூன்று ஐயோவும் எழுத்தில்தான், பயப்படாதீர்கள், வீட்டில் யாருக்கும் கேட்கவில்லை.

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டா? அண்ணி, நாம் நடத்துவது தெரபி சென்டரா, மல்யுத்தக் கூடமா? அசந்துதான் போவார்கள், ஆம்புலன்ஸில் ஏற்றும் அளவுக்கு! ஒரு பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டால் உங்களுக்குச் சம்பவம். ஒரு பிள்ளை துப்பினால் சம்பவம். துப்பாமல் இருந்தால் அதற்கும் ஒரு தாள் வைத்திருக்கிறீர்கள். இதையெல்லாம் இன்சூரன்ஸ்காரனிடம் கொண்டுபோய்க் கொட்டுவார்களா யாராவது? பதினோரு வருஷம் உங்களோடு குப்பை கொட்டியும் உங்களை எனக்குப் புரியவில்லை.

உடனே ஏஜென்டைக் கூப்பிடுங்கள். அந்த விண்ணப்பத்தைத் திரும்ப வாங்குங்கள். புதிதாக ஒன்று எழுதுங்கள். பதினான்காம் கேள்விக்கு "இல்லை." மூன்றே எழுத்து. வரைபடமும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம்.

இன்னொன்று. இரண்டாவது பாலிசியைத்தான் எடுக்க வேண்டும். கட்டணத்தைப் பார்க்காதீர்கள். பழைய நாட்களும் உள்ளே வருகிற மாதிரிதான் இருக்க வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்காதீர்கள், ஆபீஸ் பார்த்தவள் சொல்கிறேன், கேளுங்கள்.

இங்கே எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஓய்வெடுக்க வேண்டியவள் அவள், ஆனால் கட்டிலில் கிடப்பது நான்தான் என்பது போல இருக்கிறது. சமையலறை அலமாரியை மூன்று தடவை ஒழித்து அடுக்கிவிட்டேன். இன்று காலை உள்ளிருந்து குரல் வருகிறது: "அம்மா, அந்த டப்பாவ இன்னொரு தடவ தொடச்சே, நான் எழுந்து உங்க சென்டருக்கே ஓடிடுவேன்!" வாயைப் பாருங்கள். அப்படியே உங்களை மாதிரி.

சென்டரில் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்? காலையில் வேனிலிருந்து அவர்களை யார் இறக்கிவிடுகிறார்கள்? நம் ஓட்டக்காரப் பயல் எக்ஸ்பிரஸ் என்னைத் தேடுகிறானா?

மேனேஜர்


மார்ச் 9

அன்புள்ள மேனேஜருக்கு,

உன் கடிதம் வருவதற்குள் ஏஜென்டே வந்துவிட்டார். வாசலிலேயே நின்றார். "மேடம், உள்ள வரலாமா? ஹெல்மெட் ஏதாவது போட்டுக்கணுமா?" என்றார். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

உட்காரவைத்து ஒரு தாளைக் காட்டி விளக்கினேன். மூன்று கட்டங்கள்: முன், செயல், பின். முன்: மணி அடித்தது. செயல்: பையன் காதைப் பொத்திக்கொண்டு டீச்சரைக் கடித்தான். பின்: மணியை நிறுத்தினோம், அவன் அமைதியானான். ஆக, அவனுக்குக் கோபம் டீச்சர் மீதல்ல, மணி மீது. இதைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை தாள் என்றேன். அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மேடம், உங்க அகராதியில சம்பவம்னா வேற. எங்க அகராதியில யாருக்காவது அடிபட்டு, நாளைக்கு அவங்க வந்து கேக்கலாம்னு இருந்தா அது மட்டும்தான் சம்பவம். அப்படி எத்தனை?" என்றார்.

சரி, தவறு என்னுடையதுதான். சிரித்துக்கொள். கம்பெனிக்குப் போகும் முன்பே விண்ணப்பத்தை மீட்டுவிட்டேன்.

பிறகு கோப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். அடிபட்டது மூன்று. ஒரு டீச்சருக்கு விரலில் தையல். நம் வேன் சந்தில் திரும்பும்போது ஒரு சைக்கிள்காரருக்கு முழங்காலில் சிராய்ப்பு. மூன்றாவது, போன ஜூலையில் எக்ஸ்பிரஸ் ஊஞ்சலிலிருந்து விழுந்து முழங்கை நழுவியது.

முதல் இரண்டுக்கும் தாள் இருக்கிறது. மூன்றாவதற்கு இல்லை. 876 இருக்கிறது, அடுத்து 878. எண்ணிப் பார்த்தேன், மொத்தமே 1,411 தான். அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்த கண்ணாடி டீச்சர் அன்று தாள் எழுதியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பையனைக் கவனிக்கவில்லை என்று அவளை நான் வேலையைவிட்டு அனுப்பிய அன்று, "தாள்ல எல்லாம் எழுதியிருக்கேன் மேடம்" என்று அழுதுகொண்டே சொன்னாள். கோப்பு உன் அலமாரியில்தான் இருக்கும். 877 எங்கே?

இன்னொன்றும் கேட்க வேண்டும். பதினான்காம் கேள்விக்கு "இல்லை" என்று எழுதச் சொல்கிறாய். ஆனால் பழைய நாட்களைக் காக்கும் பாலிசிதான் வேண்டும் என்கிறாய். பழைய நாட்களில் ஒன்றுமே இல்லையென்றால் அதற்கு எதற்கு இரட்டிப்புக் கட்டணம்? உப்புப் புளிக்குக்கூட இரண்டு கடை ஏறி இறங்குகிறவள் நீ. இது எனக்கு ஒட்டவில்லை.

எக்ஸ்பிரஸ் தேடுகிறான். காலையில் வேன் நின்றதும் உன் நாற்காலியைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான்.

அண்ணி


மார்ச் 12

அண்ணிக்கு,

எலி தின்றிருக்கும். அந்த அலமாரியில் எலி உண்டு, அதைப் பற்றி உங்களிடம் நான் நாலு தடவை சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் காதில் விழவில்லை, இப்போது ஒரு தாளைக் காணவில்லை என்றதும் என்னிடம் வருகிறீர்கள்.

டாக்டர் நேற்று வந்து பார்த்தார். அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, இன்னும் ஐந்து வாரம் இப்படியே போனால் போதும் என்றார். மாப்பிள்ளை காலையில் போனால் சாயங்காலம்தான் வருகிறார். பக்கத்து வீட்டில் ஒரு நாய், என்னைப் பார்த்தாலே குரைக்கிறது. நான் நடைபாதையில் அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருப்பதால் அதற்கும் நிம்மதியில்லை போலிருக்கிறது. தண்ணீர் பகலில் ஒரு வேளைதான் வருகிறது. இவள் படுத்தபடியே என்னை உற்று உற்றுப் பார்க்கிறாள். "அம்மா, உனக்கு என்ன ஆச்சு?" என்கிறாள். எனக்கு என்ன ஆகும்?

நீங்கள் அந்த ஊஞ்சல் கதையைக் கிளறாதீர்கள். அந்தத் தாயே ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு திருகுத் திருகினார், முழங்கை சரியாகிவிட்டது, மறுநாள் பையன் வந்துவிட்டான். அத்தோடு முடிந்துபோன விஷயம். இதை எழுதினால் கம்பெனிக்காரன் நூறு கேள்வி கேட்பான், முப்பத்தொன்றாம் தேதி தாண்டிவிடும், அப்புறம் நாற்பது பிள்ளைகளையும் உங்கள் நேர்மைக்குள்ளே வைத்துப் பாடம் நடத்துங்கள்.

பதினோரு வருஷத்தில் நான் ஏதாவது கேட்டிருக்கிறேனா? சென்டர் பெயர்ப்பலகையில் உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறது. பேப்பர்காரர்கள் வந்தால் உங்களைத்தான் படம் எடுப்பார்கள். மலம் துடைத்தது, வேன் டிரைவரோடு மல்லுக்கட்டியது, பெற்றோரிடம் திட்டு வாங்கியதெல்லாம் நான். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இந்த ஒன்றை மட்டும் நான் சொன்னபடி செய்யுங்கள். இல்லை என்று எழுதுங்கள் அண்ணி. கெஞ்சிக் கேட்கிறேன்.

மேனேஜர்


மார்ச் 15

மேனேஜருக்கு,

எலி ஒரு தாளை மட்டும் எடுத்து, துளை போட்ட ஓரம்கூட மிச்சமில்லாமல் தின்னாது.

நேற்று கண்ணாடி டீச்சரைப் போய்ப் பார்த்தேன். இப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாள். குழந்தைகளோடு வேலை செய்ய வேறு எந்த இடத்திலும் அவளை எடுக்கவில்லையாம். போன இடத்திலெல்லாம் என்னிடம் விசாரித்திருக்கிறார்கள், நானும் நடந்ததைச் சொல்லியிருக்கிறேன். நடந்தது என்று நான் நினைத்ததை.

என்னைப் பார்த்ததும், "எத்தன காப்பி மேடம்?" என்றாள். மெஷினை நிறுத்தவே இல்லை. அது ஓடிக்கொண்டே இருந்தது, அவளும் தாள் அடுக்கிக்கொண்டே பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அன்னைக்கு நான் ஹால்ல இருந்தேன். இன்னொரு பையன் என் முடியக் கொத்தாப் பிடிச்சிருந்தான். பிடிய விடுவிக்கிறதுக்குள்ள எக்ஸ்பிரஸ் வெளிய ஓடிட்டான். நான் வந்து பார்க்கறப்போ மேனேஜர் மடியில அழுதுட்டிருந்தான். ஊஞ்சல்லேர்ந்து விழுந்துட்டான்னு மேனேஜர் சொன்னாங்க. ஆனா மேடம், ஊஞ்சல் ஆடவே இல்ல. இப்பத்தான் ஒரு பிள்ள அதுலேர்ந்து விழுந்திருந்தா அது ஆடிட்டுத்தானே இருக்கணும்? சும்மா நின்னுட்டிருந்துச்சு. வெளி கேட்டு விரியத் திறந்து கெடந்துச்சு. அது ரெண்டத்தான் எழுதினேன். வேற யாரையும் ஒரு வார்த்த சொல்லல."

பிறகு மெஷினை நிறுத்தினாள். "எட்டு மாசம் கழிச்சு படிக்க வந்தீங்களா மேடம்? தாள் உங்க கோப்புலதானே இருக்கு?" என்றாள்.

நான் அந்தத் தாளைப் படிக்கவே இல்லை. உன் பேச்சே போதும் என்று இருந்துவிட்டேன்.

ஊஞ்சல் ஏன் ஆடவில்லை? எழுதி அனுப்பு. நீ எழுதும் வரை விண்ணப்பம் என் மேஜையிலேயே இருக்கும். முப்பத்தொன்று தாண்டினாலும் சரி.

அண்ணி


மார்ச் 19

அண்ணிக்கு,

மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். கதையாக எழுதினால் எனக்குச் சாதகமாக வளைந்து வளைந்து போகிறது. உங்கள் கட்டத்திலேயே எழுதுகிறேன்.

தாள் எண் 877.

முன்: நான் கடையிலிருந்து இரண்டு கை நிறைய ஃபைல் அட்டைகளோடு வந்தேன். கேட்டைக் காலால் தள்ளித் திறந்தேன். காலால் சாத்தினேன். தாழ் போடவில்லை. கேட்டில் "தாழ் போடவும்" என்று போர்டு எழுதி மாட்டியதே நான்தான்.

செயல்: இந்தக் கட்டத்தில் குழந்தை செய்ததை எழுத வேண்டும் என்பீர்கள். எக்ஸ்பிரஸ் ஓடினான். ஓடுவது அவன் சுபாவம், அதனால்தான் அந்தப் பெயர். மற்றதெல்லாம் செய்தது நான். அவன் கேட்டைத் தள்ளிக்கொண்டு ரோட்டில் கால் வைத்துவிட்டான். லாரி வருகிறது. அட்டையெல்லாம் போட்டுவிட்டுப் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து ஒரு இழு இழுத்தேன். அப்படி இழுக்கக் கூடாது, உடம்போடு அணைத்துத்தான் தூக்க வேண்டும் என்று நீங்கள் டீச்சர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கும்போது நான் அதே ஹாலில் உட்கார்ந்து பில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். என் கைக்குள்ளேயே அந்த எலும்பு நழுவியதை உணர்ந்தேன் அண்ணி. டக்கென்று ஒரு சத்தம்.

பின்: அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து ஊஞ்சல் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணாடி டீச்சர் ஓடி வந்து, "என்னாச்சு?" என்றாள். நான் வாய் கூசாமல், "ஊஞ்சல்லேர்ந்து விழுந்துட்டான்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது. அவன் பேசத் தெரியாத பிள்ளை, மறுத்துச் சொல்ல மாட்டான் என்பது மட்டும் அந்த ஒரு நொடியில் எனக்குத் தெரிந்திருக்கிறது. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலமே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் நீங்கள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு வேலையைவிட்டு நிறுத்திவிட்டீர்கள். அதற்கப்புறம் சொன்னால் பொய்யோடு அவள் வேலையும் என் தலையில் வந்து உட்காரும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மென்று முழுங்கினேன். தாளைக் கிழித்தது நான். படித்துவிட்டுத்தான் கிழித்தேன். அவள் என்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாக எழுதவில்லை.

அந்தத் தாய் என்றைக்காவது கேட்டுவிட்டால் சென்டரை இழுத்து மூட வேண்டியிருக்குமே என்று பயம். அதனால்தான் பழைய நாட்களுக்கும் சேர்த்துப் பாலிசி கேட்டேன்.

மறுநாள் அவன் ஒரு கையைத் துணியில் தொங்கப் போட்டுக்கொண்டு வேனிலிருந்து இறங்கினான் அல்லவா? மற்ற கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டான். அவ்வளவுதான்.

மேனேஜர்


மார்ச் 23

மேனேஜருக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் அண்ணனிடம் கொடுத்தேன். படித்தார், மடித்தார், "அவ ரோட்டுலேர்ந்து இழுத்திருக்கா. இழுக்கலன்னா?" என்றார். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இழுத்ததற்கு யார் கோபப்பட்டார்கள்? இழுத்தேன் என்று அன்றே சொல்லியிருந்தால் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். ஒரு பெண்ணின் பிழைப்பைப் பறித்துவிட்டு எட்டு மாதம் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாய்.

இப்படி எழுதிவிட்டு மறுபடி கோப்பைத் திறந்தேன். ஆயிரத்து நானூற்றுப் பதினொரு தாளில் ஒவ்வொன்றின் கீழும் என் கையெழுத்து இருக்கிறது. படிக்க வேண்டிய ஒன்றில் மட்டும் இல்லை. நீ என் வீட்டுப் பெண், அவள் சம்பளத்துக்கு வந்தவள்; உன்னை நம்புவதற்கு எனக்குக் காரணமே தேவைப்படவில்லை. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

எக்ஸ்பிரஸின் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவர் தையல் மெஷினில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், உன் பெயரையும். காலை மெஷினிலிருந்து எடுக்காமலே கேட்டார். "லாரி வந்துச்சா?" என்றார். வந்தது என்றேன். "அப்ப இழுத்தது சரிதான். கை போனா திருகிப் போட்டுக்கலாம்" என்றார். பிறகுதான் அவர் முகம் மாறியது. "ஆனா மேடம், அவனுக்கு இருந்த ஒரே சந்தோஷம் ஊஞ்சல். விழுந்துட்டான்னு நீங்க சொன்னதால எட்டு மாசமா பார்க்குல அதுகிட்டயே விடல. அந்தத் தெருப்பக்கம் போனாலே கத்துவான், இழுத்துட்டு வருவேன். அடிச்சிருக்கேன் மேடம். ரெண்டு தடவ அடிச்சிருக்கேன்."

நாமும்தான் ஊஞ்சலைக் கழற்றி ஸ்டோர் ரூமில் போட்டோம். அதற்கப்புறம் அவன் தலையை முட்டிக்கொண்ட தாள்கள் மட்டும் முப்பத்தாறு. காரணம் தெரியவில்லை என்று நானே எழுதியிருக்கிறேன்.

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். இரண்டாவது பாலிசிதான். நீ கேட்டாய் என்பதற்காக அல்ல, அந்தத் தாய் நாளைக்கு மனம் மாறிக் கேட்டால் கேட்பதற்கு ஒரு இடம் இருக்க வேண்டும். பதினான்காம் கேள்விக்கு மூன்று என்று எழுதி, மூன்றாவதற்கு உன் கடிதத்தின் நடுப்பகுதியை டைப் செய்து வைத்தேன். என்ன வரும் என்று தெரியாது. ஏஜென்ட் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

மகள் எப்படி இருக்கிறாள் என்று எழுது.

அண்ணி


மார்ச் 27

அன்புள்ள மேனேஜருக்கு,

பதில் வந்துவிட்டது. பாலிசி கொடுக்கிறார்கள். ஒன்றாம் தேதி சென்டர் திறந்திருக்கும்.

இரண்டு நிபந்தனை. ஒன்று, ஜூலைச் சம்பவத்துக்கு மட்டும் அவர்கள் பொறுப்பில்லை. அது நம்முடையது, எக்ஸ்பிரஸின் அம்மா கேட்டால் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். சரி என்று எழுதிக்கொடுத்தேன்.

இரண்டாவதை நான்கு தடவை படித்தேன். ஏஜென்டிடம் வாதாடினேன், அவர் மேலிடத்தில் கேட்டுவிட்டு வந்து அதேதான் என்றார். வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்: "மேற்படி சம்பவத்தில் தொடர்புடைய மேலாளர், இப்பாலிசி நடப்பில் உள்ளவரை, எக்காரணம் கொண்டும் பயனாளிக் குழந்தைகளைத் தொடவோ தூக்கவோ பிடிக்கவோ கூடாது. மீறினால் பாலிசி ரத்தாகும்."

பயிற்சி எடுத்துக்கொள்கிறாள் என்றேன். "வேலைக்காகாது மேடம்" என்றார்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்காமல் போட்டேன். கேட்டிருந்தாலும் போட்டிருப்பேன். நாற்பது பிள்ளைகளை ஒரு தட்டிலும் உன்னை ஒரு தட்டிலும் வைத்து நிறுத்த என்னால் முடியாது. திட்ட வேண்டுமென்றால் போனிலேயே திட்டு, நான் கேட்டுக்கொள்கிறேன்.

கண்ணாடி டீச்சரிடம் இரண்டாம் தடவை போனேன். மன்னிப்புக் கேட்டேன், வேலைக்கு வரச் சொன்னேன். அவளைப் பற்றி நான் தவறாகச் சொன்ன இடங்களுக்கெல்லாம் திருத்தி எழுதிய கடிதங்களின் நகல்களையும் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவற்றை நிதானமாகப் படித்தாள். "யோசிச்சு சொல்றேன்" என்றாள். "மேனேஜர் அங்கதான் இருப்பாங்களா?" என்றும் கேட்டாள். இருப்பாள் என்றேன். நீ வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். உன் நாற்காலி அங்கேயே இருக்கிறது.

ஊஞ்சலை மாட்டியாகிவிட்டது.

உன் அண்ணி


மார்ச் 29

அண்ணிக்கு,

திட்டவில்லை. திட்டலாம் என்று போனை எடுத்தேன். உங்கள் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், உள்ளே படுத்திருப்பவள் எழுந்துவிடுவாள் என்று வைத்துவிட்டேன்.

அவள் நன்றாக இருக்கிறாள். நேற்று எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அழுத்தம் ஏறுமோ என்று பயந்துகொண்டேதான் சொன்னேன், ஏறவில்லை. "இதுக்குத்தானா அலமாரிய அத்தன தடவ ஒழிச்ச?" என்றாள். பிறகு, "போய் அந்த டீச்சர்கிட்ட நேர்ல சொல்லிட்டு வா. உன்னால எனக்கு ரெஸ்டே இல்ல" என்று விரட்டுகிறாள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாரத்துக்கு வந்து பார்த்துக்கொள்கிறார். நாளை ரயிலேறுகிறேன். முதலில் ஜெராக்ஸ் கடைக்குப் போவேன். அவள் என் முகத்தில் காறித் துப்பினால் துடைத்துக்கொள்வேன், அதற்குத் தாள் எழுத வேண்டாம். எக்ஸ்பிரஸின் அம்மாவிடமும் போவேன். நீங்கள் கூட வர வேண்டாம்.

நீங்கள் கையெழுத்துப் போட்டது சரிதான். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் போட்டிருப்பேன், உங்களைவிடச் சீக்கிரமாக. பில் எழுதுகிறேன், போன் எடுக்கிறேன், கேட்டுக்குத் தாழ் போடுகிறேன். பதினோரு வருஷம் காலையில் நாற்பது பிள்ளைகளையும் ஒவ்வொன்றாக வேனிலிருந்து இறக்கிவிட்டவள். இனிமேல் ஆபீஸ் ஜன்னலுக்கு உள்ளே நின்று பார்க்கிறேன். பார்க்கக் கூடாது என்று பாலிசியில் இல்லையே?

ஒன்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அதையே நினைத்துக்கொண்டு நடக்கிறேன். ஒன்றாம் தேதி காலை வேன் வந்து நிற்கும். எக்ஸ்பிரஸ் இறங்குவான். ஒரு மாதமாக என்னைத் தேடியிருக்கிறான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் என்னைப் பார்த்ததும் ஓடி வருவான், அவனை யாரும் பிடிக்க முடியாது. அவனுக்குப் பாலிசி தெரியாது. நேராக வந்து என் விரலைப் பிடிப்பான்.

நான் பிடிக்கக் கூடாது, சரி. அவன் பிடித்தால் என் கையை உதற வேண்டுமா அண்ணி? அதையும் அவர்களிடம் கேட்டு, ஒன்றாம் தேதிக்குள் எனக்குச் சொல்லுங்கள்.